மான் தின்ற பற்றுச்சீட்டு

செலவழித்தால் போதாது,
செலவழித்ததாகத் தெரியவும் வேண்டும்.

திகதி, கடை முத்திரை, கையொப்பம்,
மாணவியின் பெயர், வெட்டித் திருத்தாத தொகை,
மூலப்பிரதி மட்டும்.
நிதியத்தின் கடிதத்தில் இது ஏழாம் பந்தி.
எட்டாம் பந்தி என்னை வாழ்த்துகிறது.

முதல் மாதம் நான் வெறுமனே நேர்மையாய் இருந்தேன்.
அதில் நாலாயிரம் போனது.

மருந்தரைக்கும் கல்வத்துக்கு
மூன்றாம் குறுக்குத்தெருவில் துண்டு கேட்டேன்.
"கல்லுக்கு ஆர் பிள்ளை பில் போடுறது?"
அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பு மூவாயிரத்து நூறு ரூபாய்.

போட்டோக்கொப்பிக் கடை இயந்திரம்
வழவழப்பாய் ஒரு துண்டு துப்பியது.
கொப்பிக்குள் வைத்தேன்.
கோணேசபுரி பஸ், ஜன்னலோரம், பங்குனி வெயில்.
மாத முடிவில் எடுத்தால்
எண்ணூற்றி அறுபது ரூபாயும் வெள்ளையாய்க் கிடந்தது.
நகத்தால் கீறினேன்.
கறுப்பு வந்தது. எழுத்து வரவில்லை.

இன்னொரு துண்டில் நான் நிருசிகா.
என் பெயர் நிதுர்சிகா.
நிருசிகா யார் என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள்.
தெரியாதென்றால் காசில்லை, தெரியுமென்றால் பொய்.
கடைக்காரருக்குக் காது மந்தம் என்றேன்.
உண்மைதான்.
அதையும் எழுத்தில் தரச் சொன்னார்கள்.

பிறகு மான்.

வெள்ளைக் கோட்டுத் தைத்த கூலிக்கு
லோகநிதி அக்கா தன் கையாலே எழுதி,
காய்ந்த முத்திரைத் தட்டில் தேத்தண்ணி ஒரு சொட்டு விட்டு,
அழுத்திக் குத்தித் தந்த துண்டு.
ஒரு பிழையில்லை.
பஸ் நிலையத்தில் மிச்சக் காசை எண்ணும்போது
கையிலிருந்து அது மெதுவாய்க் கழன்றது.
திரும்பினால் புள்ளிமான்.
வாழைப்பழத் தோலும் லொத்தர்ச் சீட்டும் தின்று
ஊருக்குள் வளர்ந்த மான்.
பாதிக் கூலி வாய்க்குள்,
பாதி வெளியே ஆடிக்கொண்டு,
கண் மட்டும் அவ்வளவு பெரிதாய்.
இழுத்தேன்.
முத்திரை அதற்குப் போனது,
எனக்கு 'நன்றி, மீண்டும் வருக' கிடைத்தது.

"மேற்படி பற்றுச்சீட்டை மான் உண்டுவிட்டது"
என்று எழுதி மூன்று முறை கிழித்தேன்.
நாலாவதை அனுப்பினேன்.
'பொருத்தமான காரணம் தரவும்' என்று பதில்.
எங்கள் ஊரில் நின்று பார்த்திராத ஒருவருக்கு
இதைவிடப் பொருத்தமாய் எதைச் சொல்ல?
உறுதிப்படுத்தக் கேட்டு
கிராம உத்தியோகத்தரிடம் போனேன்.
மான் தன் பிரிவைச் சேர்ந்ததல்ல என்றார்.

லோகநிதி அக்கா காபன் கொப்பியைப் புரட்டினா.
நீலத் தாளில் என் பெயர் கலங்கி நின்றது.
'இரண்டாம் பிரதி' என்று குறுக்கே எழுதி,
மீண்டும் தேத்தண்ணி, மீண்டும் முத்திரை.
"இனி மானுக்கும் ஒண்டு சேர்த்து எழுதுறன்."

இப்போது வாங்கிய அன்றே படம் எடுக்கிறேன்.
துண்டின் பின்னால் பென்சிலால் எதற்கென்று எழுதுகிறேன்.
பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்கிறேன்:
நி, து, ர், சி, கா.
கடைக்காரர்கள் என்னைத் துண்டுப் பிள்ளை என்கிறார்கள்.
பிஸ்கட் பேணி ஒன்று நிறைந்துவிட்டது.

அதன் அடியில், மற்றவற்றோடு சேராமல், ஒன்று:
திகதி சரி. முத்திரை சரி.
பெயரில் எழுத்துப்பிழை இல்லை.
தொகை இலக்கத்திலும் எழுத்திலும்.
ஏழாம் பந்திக்கென்றே அச்சடித்ததுபோல.
அதை மட்டும் இணைக்க முடியாது.
நிதியம் வாங்கிய பிறகுதான் தரும்;
வாங்குவதற்கு முன்னால் தந்தது அக்காவின் தோடு.
அடைவுக்கடைத் துண்டு அது.

மூதூரில் அக்கா
காது தூர்ந்துவிடாமல்
வேப்பங்குச்சி செருகியிருக்கிறாள்.
குச்சிக்குத் துண்டு இல்லை.
வேம்பு எங்கள் வளவில்தான் நிற்கிறது.